மார்க் போடப்போவது யார்?



பிள்ளைக்கு ஓவியப் போட்டி என்றால் வீடே ஒரு வாரம் முன்பிருந்து தயாராகிறது. சார்ட் பேப்பர் வாங்கியாச்சா? ஆயில் பேஸ்டலில் பச்சை தீர்ந்துபோச்சே, புது பாக்ஸ் வாங்கணுமா? தலைப்பு என்ன கொடுப்பார்கள்? டிராயிங் மாஸ்டரிடம் இன்னொரு தடவை காட்டிவிடலாமா? போட்டி நாளன்று காலையில் இட்லி தொண்டையில் இறங்காமல் கிளம்பும் பிள்ளைகளை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

இவ்வளவு விசாரிக்கும் நாம் ஒன்றை மட்டும் விசாரிப்பதில்லை. அந்தப் படத்தைப் பார்த்து மார்க் போடப்போகிறவர் யார்?

பாட்டுப் போட்டியில் இப்படி இல்லை. டி.வி.யில் பாட்டு நிகழ்ச்சி என்றால் நடுவர்களின் முகத்தைக் காட்டித்தான் விளம்பரமே வருகிறது. அவர் என்னென்ன பாடினார், எந்தப் படத்துக்குப் பாடினார் என்பது வீட்டில் எல்லோருக்கும் அத்துப்படி. அவர் ‘சுருதி விலகுது’ என்று சொன்னால் நாமும் தலையாட்டுகிறோம். அவர் பாடிக் கேட்டிருக்கிறோம், அதனால் நம்புகிறோம்.

ஓவியத்தில் மட்டும் பரிசு வந்தால் சந்தோஷம், வராவிட்டால் ‘அடுத்த தடவை பார்த்துக்கலாம் கண்ணு’. யார் பார்த்தார்கள்? எவ்வளவு நேரம் பார்த்தார்கள்? எதற்காக அந்தப் படம், எதனால் இந்தப் படம் இல்லை? யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை.

கேட்க வேண்டும் என்பது என் கட்சி. நடுவர்கள் யார் என்பதைப் பொறுத்து ஒரு நாட்டின் தலைநகரமே எப்படி வேறு மாதிரி ஆனது என்று இந்த முறை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 1981-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு தேசியப் போட்டி அது. ஜெயித்தவரைப் பற்றி உலகம் நிறையப் பேசிவிட்டது. நான் பேச நினைப்பது அவரைத் தேர்ந்தெடுத்தவர்களைப் பற்றி.

வியட்நாம் போர் 1975-ல் முடிந்தது. வியட்நாமில் பல லட்சம் பேர் மாண்டார்கள். அமெரிக்கப் படையில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஐம்பத்தேழாயிரத்துக்கு மேல். உயிரோடு திரும்பியவர்களை ஊரில் மாலை போட்டு வரவேற்க ஆளில்லை. போரை எதிர்த்தவர்கள் ஒரு பக்கம், ஆதரித்தவர்கள் ஒரு பக்கம் என்று ஒரே குடும்பத்துக்குள்ளேயே பேச்சு நின்றுபோன காலம். அந்தப் போரில் அடிபட்டுத் திரும்பிய ஜான் ஸ்க்ரக்ஸ் என்ற படைவீரர், இறந்த நண்பர்களின் பெயர்களாவது ஓரிடத்தில் இருக்கட்டும் என்று 1979-ல் கிளம்பினார். கட்டுமானச் செலவுக்கு அரசாங்கத்திடம் கை நீட்டவில்லை, மக்களிடம் நன்கொடை திரட்டினார். வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்துக்குப் பக்கத்தில் 1980-ல் இடம் கிடைத்தது.

என்ன கட்டுவது என்பதற்குத்தான் போட்டி. 18 வயது நிரம்பிய எந்த அமெரிக்கக் குடிமகனும் வடிவமைத்து அனுப்பலாம். நிபந்தனைகள் நான்கே. பார்ப்பவர் மனதை அமைதியாக யோசிக்க வைக்க வேண்டும். சுற்றியிருக்கும் இடத்தோடு பொருந்த வேண்டும். இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் எல்லோருடைய பெயரும் அதில் இருக்க வேண்டும். போர் சரியா தவறா என்று அது எதுவும் பேசக் கூடாது. முதல் பரிசு 20,000 டாலர்.

வந்து குவிந்தவை 1,421. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டு கிலோமீட்டர் நீளம் வரும். இதை வைக்க எந்த மண்டபம் போதும்? விமானப் படைத் தளம் ஒன்றில், விமானம் நிறுத்தும் கொட்டகையில் வரிசையாக மாட்டினார்கள். எந்தப் படத்திலும் பெயர் கிடையாது. ஒரு எண் மட்டும்.

அந்தக் கொட்டகைக்குள் நடந்தவர்கள் எட்டுப் பேர். இரண்டு கட்டடக் கலைஞர்கள், இரண்டு நிலத்தோட்டக் கலைஞர்கள், மூன்று சிற்பிகள், ஒரு பத்திரிகையாளர். இந்த எட்டுப் பேரின் வாழ்க்கையைப் படித்துப் பார்த்தேன். படிக்கப் படிக்க, அந்த முடிவு எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிந்தது.

சிற்பி கான்ஸ்டன்டீனோ நிவோலாவிலிருந்து தொடங்குகிறேன், எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. இத்தாலியின் சார்டீனியா தீவில் ஓரானி என்ற கிராமத்தில் 1911-ல் ஒரு கொத்தனார் மகனாகப் பிறந்தவர். சின்ன வயதிலேயே கல்லும் சாந்தும் கையில் எடுத்தவர். அவர் மனைவி யூதர். முசோலினியின் ஆட்சியில் இருக்க முடியாமல் இருவரும் தப்பி நியூயார்க் வந்து சேர்ந்தார்கள். ஒருநாள் கடற்கரையில் தன் பிள்ளைகளோடு மணலில் விளையாடிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஈர மணலில் கையால் குழைத்து உருவம் செதுக்கி, அதன்மேல் சாந்தை ஊற்றிக் காயவைத்து எடுத்தால் என்ன? மணலின் சொரசொரப்போடு அப்படியே ஒரு புடைப்புச் சிற்பம் வந்தது. பிறகு நியூயார்க்கில் ஆலிவெட்டி டைப்ரைட்டர் கம்பெனியின் காட்சிக்கூடச் சுவர் முழுக்க அந்த முறையில்தான் செய்தார். பிள்ளை விளையாட்டை உதறித் தள்ளாமல் உற்றுப் பார்த்த கண் அது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிச்சர்ட் ஹன்ட், எட்டுப் பேரில் இளையவர், அப்போது வயது 45. சிகாகோவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த கறுப்பினத்தவரின் மகன். வெல்டிங் வேலையை யாரிடமும் போய்ப் படிக்காமல் தானாகவே கற்று, பழைய இரும்புத் துண்டுகளை ஒட்டவைத்துச் சிற்பம் செய்தவர். 1955-ல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் அடித்துக் கொன்றார்கள். சிதைந்த முகத்தை ஊரே பார்க்கட்டும் என்று அவன் தாய் சவப்பெட்டியை மூட விடவில்லை. வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்தவர்களில் 19 வயது ஹன்ட்டும் ஒருவர். அதன் பிறகு அவர் இரும்பில் செய்த சிற்பங்களில் ஒன்று அந்தப் பையனின் நினைவாகத்தான். 1971-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளை மட்டுமே வைத்துக் கண்காட்சி நடத்தியது. கறுப்பினச் சிற்பி ஒருவருக்கு அங்கே அது முதல் தடவை. ஒரு தாயின் துக்கத்தை நேரில் பார்த்த இந்த மனிதர், போரில் பிள்ளையை இழந்த தாய்மார்களுக்காக ஒரு நினைவிடத்தைத் தேர்ந்தெடுக்க வந்தார்.

ஹிடியோ சசாகி கலிபோர்னியாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் ஜப்பானிலிருந்து வந்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் பூர்விகம் என்ற ஒரே காரணத்துக்காக, சொந்த நாட்டு அரசாங்கமே அவரை அரிசோனா பாலைவன முகாமில் அடைத்தது. வெளியே வர வயலில் கூலி வேலை செய்தார். அதே மனிதர் பிற்பாடு ஹார்வர்டில் நிலத்தோட்டக் கலைத் துறையின் தலைவரானார். நிலத்தை எங்கே மேடாக்க வேண்டும், எங்கே பள்ளமாக்க வேண்டும், ஒரு மனிதன் நடந்துபோகும்போது மண் அவனிடம் என்ன சொல்லும் என்பதே அவர் வாழ்நாள் படிப்பு. இன்னொரு நிலத்தோட்டக் கலைஞர் காரெட் எக்போ, பிழைப்பு தேடி ஊர் ஊராக அலைந்த விவசாயத் தொழிலாளர்களின் குடியிருப்பு முகாம்களுக்கு மரமும் நிழலும் திட்டமிட்டவர்.

கட்டடக் கலைஞர்களில் மூத்தவர் பியட்ரோ பெலுஸ்கிக்கு அப்போது 81 வயது. முதல் உலகப் போரில் இத்தாலியப் படையில் இருந்தவர். அமெரிக்காவுக்குப் படிக்க வந்து அங்கேயே தங்கி, எம்.ஐ.டி.யின் கட்டடக் கலைப் பள்ளிக்குத் தலைமை வகித்தவர். ஹாரி வீஸ், வாஷிங்டன் மெட்ரோ ரயில் நிலையங்களின் உயர்ந்த வளைவுக் கூரைகளை வடிவமைத்தவர். மூன்றாவது சிற்பி ஜேம்ஸ் ரோசாட்டி, சிற்பத்துக்கு வருமுன் வயலின் வாசித்தவர்.

பத்திரிகையாளர் கிரேடி கிளே தலைவராக இருந்தார். நிலத்தோட்டக் கலை பற்றிய இதழ் ஒன்றின் ஆசிரியர். நகரங்களை நடந்து பார்த்து எழுதியவர். நடுவர் குழுவில் ஒரு பத்திரிகை ஆசிரியர் எதற்கு என்று தோன்றலாம். கலைஞர்கள் எடுக்கும் முடிவைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி சொல்ல ஒருவர் வேண்டுமே! எங்கள் தொழிலில் இருப்பவர் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பெருமை.

எட்டுப் பேரும் எல்லா வடிவங்களையும் பார்த்தார்கள். 1,421 முதலில் 232 ஆனது, பிறகு 39 ஆனது. ஐந்தாம் நாள் எல்லோரும் ஒருமனதாக ஒன்றைச் சொன்னார்கள். எண் 1026.

அந்தப் படத்தை இன்றைக்கும் பார்க்கலாம். நம் ஊர்ப் போட்டிக்கு வந்திருந்தால் முதல் சுற்றிலேயே ஒதுக்கியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மெல்லிய பேஸ்டலில் பூசிய நீலமும் பச்சையும், நடுவில் கறுப்பாக ஒரு கோணல் பட்டை. அளவுகோல் வைத்துப் போட்ட கோடு இல்லை, மனித உருவம் இல்லை, கொடி இல்லை, துப்பாக்கி இல்லை. கூடவே கையால் எழுதிய ஒரு பக்க விளக்கம். பூமியை ஒரு இடத்தில் வெட்டி, அந்த வெட்டின் முகத்தில் கறுப்புக் கல் பதித்து, இறந்தவர்களின் பெயர்களை அவர்கள் இறந்த தேதி வரிசையில் பொறிப்பது. அவ்வளவுதான் யோசனை.

பார்க்கத் தெரியாதவருக்கு அது ஏதோ குழந்தை கிறுக்கியது. சசாகிக்கும் எக்போவுக்கும் அது நிலம் மெல்லச் சரிந்து கீழே இறங்கும் பாதை. நிவோலாவுக்கு மண்ணையே வெட்டிச் செய்த சிற்பம். ஹன்ட்டுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் தங்கள் கைத்தொழில் கொடுத்த கண்ணால் பார்த்தார்கள். எட்டுப் பேரும் ஒரே தொழில்காரர்களாக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? எட்டுப் பேரும் அரசியல்வாதிகளாகவோ, நன்கொடை கொடுத்த பெரிய மனிதர்களாகவோ இருந்திருந்தால்?

முடிவு எடுத்த பிறகுதான் பெயரைப் பிரித்தார்கள். மாயா லின், வயது 21, யேல் பல்கலைக்கழக மாணவி. பட்டப் படிப்பே முடியவில்லை. வகுப்பில் கொடுத்த ஒரு பயிற்சிக்காகச் செய்ததைத்தான் போட்டிக்கும் அனுப்பியிருந்தார். பெற்றோர் சீனாவிலிருந்து வந்து ஒஹாயோவில் குடியேறியவர்கள். அப்பா களிமண்ணில் பாத்திரங்கள் செய்யும் கலைஞர், கல்லூரியில் கலைத் துறைத் தலைவர். அம்மா கவிஞர், இலக்கியப் பேராசிரியை. போட்டியில் தோற்றவர்களில் பெரிய பெரிய நிறுவனங்களை நடத்தும் கட்டடக் கலைஞர்கள் இருந்தார்கள்.

பெயர் தெரிந்திருந்தால் கொடுத்திருப்பார்களா? ஆசிய முகம், பெண், மாணவி, அதுவும் ஆசியாவில் நடந்த போருக்கான நினைவிடம். இந்தச் சந்தேகம் மாயா லின்னுக்கே உண்டு. எனக்கும் உண்டு. எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் பெயரைப் பார்த்தவுடன் மனம் ஒரு பக்கம் சாயும். அதனால்தான் எண்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. அறிவித்த சில மாதங்களில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. கறுப்பு நிறம் ஏன், தரைக்குக் கீழே ஏன், ஒரு வீரனின் சிலைகூட இல்லையே என்று முன்னாள் படைவீரர்களில் ஒரு பகுதியினரே கொதித்தார்கள். நடுவர் குழுவில் வியட்நாமில் போரிட்டவர் ஒருவர்கூட இல்லையே என்றும் கேட்டார்கள்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்வேன். யாருக்காகக் கட்டுகிறார்களோ அவர்களில் ஒருவர் அந்தக் கொட்டகைக்குள் நடந்திருக்க வேண்டும். இன்னொரு குறையும் எனக்குத் தெரிகிறது. எட்டுப் பேரும் ஆண்கள். அந்தப் போரில் நர்ஸ்களாகப் போய் உயிர்விட்ட பெண்களின் பெயர்களும் அந்தச் சுவரில் இருக்கின்றன. போருக்குப் போன பெண்களுக்கென்று தனிச் சிலை அங்கே வர 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவர் குழுவில் ஒரு பெண் இருந்திருந்தால் அந்தக் கேள்வி முன்பே எழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. சுவரை அப்படியே கட்டுவது, கொஞ்சம் தள்ளி மூன்று வீரர்களின் வெண்கலச் சிலையும் ஒரு கொடிமரமும் வைப்பது. அந்தச் சிலையைச் செய்த ஃப்ரெடெரிக் ஹார்ட், அதே போட்டியில் மூன்றாம் பரிசு பெற்ற குழுவில் இருந்தவர்.

1982 நவம்பர் 13 அன்று சுவர் திறக்கப்பட்டது. அதில் பதித்திருக்கும் கறுப்பு கிரானைட் நம் பெங்களூரிலிருந்து போனது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கண்ணாடி மாதிரி மெருகேற்றிய கல். எதிரே நின்று ஒரு பெயரைத் தேடினால், எழுத்துகளுக்குப் பின்னால் தேடுகிறவரின் முகமே தெரியும்.

அங்கே வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பெயரைக் கண்டுபிடித்ததும் முதலில் விரலால் தடவுகிறார்கள். பிறகு ஒரு துண்டுத் தாளை அந்தப் பெயர்மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்க்கிறார்கள். தாளில் பெயர் எழும்பி வருகிறது. அதை மடித்து வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். கல்லடியில் கடிதம் வைக்கிறார்கள், பழைய பூட்ஸ் வைக்கிறார்கள், பிறந்தநாள் வாழ்த்து அட்டை வைக்கிறார்கள். பூங்காத் துறையினர் அவற்றைச் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள். எதிர்த்தவர்களில் பலர் பின்னாளில் மனம் மாறினார்கள். 2007-ல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம், மக்களுக்குப் பிடித்த கட்டடங்கள் எவை என்று பொதுமக்களையே கேட்டு வெளியிட்ட பட்டியலில் அந்தச் சுவர் பத்தாவது இடத்தில் இருந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

தேசிய அளவில் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் நமக்கு இருக்கும் அமைப்பு லலித் கலா அகாடமி, 1954-ல் தொடங்கியது. அதன் முதல் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சென்னை மெரினாவில் உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீர்கள். நான்கு பேர் ஒரு பாறையை நெம்பித் தள்ளும் அந்தச் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சவுத்ரிதான். வங்காளத்தில் பிறந்து அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர். சென்னை ஓவியக் கல்லூரிக்கு 1929-ல் முதல்வராக வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் நடத்தியவர். மல்யுத்தம் தெரியும், புல்லாங்குழல் வாசிப்பார், கதை எழுதுவார். அந்தப் பாறையைத் தள்ளும் உடம்புகளின் நரம்பும் முறுக்கும் எங்கிருந்து வந்தன என்பது இப்போது புரிகிறதா?

அகாடமியின் முதல் தேசியக் கண்காட்சி 1955-ல் நடந்தது. விருது பெற்றவர்களில் ஒருவர் எம்.எஃப். ஹுசைன். பம்பாயில் சினிமா பேனர் வரைந்து வயிறு வளர்த்தவர், பொம்மைகளுக்கும் நாற்காலிகளுக்கும் டிசைன் போட்டவர். சினிமா பேனர் வரைந்த கை என்று ஒதுக்காமல் ஓவியத்தைப் பார்த்தார்கள், அது பெரிய விஷயம்.

நம் எல்லோர் பர்ஸிலும் ஒரு தேசியப் போட்டியின் முடிவு இருக்கிறது. ரூபாய்க் குறியீடு. மத்திய நிதி அமைச்சகம் 2009-ல் அறிவித்த போட்டிக்கு மூவாயிரத்துக்கு மேல் வந்தன. அவற்றிலிருந்து ஐந்தைப் பொறுக்கி, கடைசியில் ஒன்றை 2010 ஜூலை 15 அன்று அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. ஜெயித்தவர் நம் டி. உதயகுமார், சென்னையில் கட்டடக் கலை படித்து, மும்பை ஐ.ஐ.டி.யில் டிசைன் படித்து, தமிழ் எழுத்துருக்கள் பற்றி ஆராய்ச்சி செய்தவர். அவர் பெயர் நமக்குத் தெரியும், பிள்ளைகளின் பொது அறிவுப் புத்தகத்திலும் இருக்கிறது. ரிசர்வ் வங்கித் துணை கவர்னர் தலைமையில் அதைத் தேர்ந்தெடுத்த நடுவர்களின் பெயர் நம்மில் யாருக்காவது தெரியுமா? ஒவ்வொரு பில்லிலும், ஒவ்வொரு கடைப் பலகையிலும் இருக்கும் ஒரு குறியைத் தேர்ந்தெடுத்தவர்களை நாடு தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

பெரிய போட்டிகளை விடுங்கள். ‘நேஷனல் லெவல் ஆர்ட் காம்பெடிஷன்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் வருகிறது. கட்டணம் கட்டுகிறோம், படத்தை அனுப்புகிறோம். ஒரு மாதத்தில் மெடலும் சர்டிபிகேட்டும் வருகின்றன. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் வருகிறது, எதிர் வீட்டுப் பிள்ளைக்கும் வருகிறது. கட்டணம் வாங்குவது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வாஷிங்டன் போட்டிக்கும் 20 டாலர் பதிவுக் கட்டணம் இருந்தது. ஆனால் அங்கே யார் பார்க்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே நோட்டீஸை முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள், ஸ்பான்சர் பெயர் இருக்கும், பரிசுத் தொகை இருக்கும், ஜி-பே நம்பர் இருக்கும். நடுவர் பெயர் இருக்காது.

நேரில் நடக்கும் போட்டிகளில் நிலைமை என்ன? இருநூறு பிள்ளைகள் இரண்டு மணி நேரம் தரையில் குனிந்து வரைகிறார்கள். சிறப்பு விருந்தினர் வருகிறார். பொன்னாடை, பூங்கொத்து, போட்டோ. பத்து நிமிடத்தில் மேலோட்டமாக ஒரு சுற்றுச் சுற்றி மூன்று படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த விழாவுக்குக் கிளம்புகிறார். அவரும் நல்லவர்தான், அழைத்தார்கள், வந்தார். ஆனால் அவர் கண்ணுக்கு எது படும்? நீட்டாக இருப்பது, கோட்டுக்கு வெளியே கலர் போகாதது, இரண்டு மலை நடுவே சூரியன், ஒரு ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை மரம். அதற்குத்தான் பரிசு என்று தெரிந்த பிறகு டிராயிங் கிளாஸில் அதைத்தானே சொல்லிக்கொடுப்பார்கள்? வீட்டில் நாமும் அதைத்தானே வரையச் சொல்வோம்?

கையில் தொழில் உள்ள ஒருவரை அங்கே நிறுத்திப் பாருங்கள். அவர் தாளைக் கையில் எடுப்பார். திருப்பி முதுகைத் தடவிப் பார்ப்பார். சின்னப் பிள்ளை கிரேயானை அழுத்தி அழுத்தித் தேய்த்திருந்தால் பின்பக்கம் தாள் மேடாக எழும்பியிருக்கும். அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்த மரம் எது, பிள்ளை தானாகப் பார்த்து வரைந்த மரம் எது என்று அவருக்குத் தெரிந்துவிடும். வீட்டு வாசலில் நிற்கும் முருங்கை மரத்தை, ஒரு கிளை ஒடிந்து தொங்குகிற மாதிரி ஒரு பிள்ளை வரைந்திருந்தால் அங்கே நின்றுவிடுவார். ‘இதை எங்கே பார்த்தே?’ என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காக அந்தப் பிள்ளை அடுத்த ஐந்து வருஷம் வரையும்.

அப்படிப்பட்டவர்களுக்கு நம் ஊரில் பஞ்சமா? அரசுப் பள்ளியில் முப்பது வருடம் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் பக்கத்துத் தெருவில் இருப்பார். ஃப்ளெக்ஸ் வருமுன் சினிமா பேனரும் கடைப் போர்டும் எழுதிய கைகள் இன்னும் இருக்கின்றன. பட்டுச் சேலைக்கு பார்டர் டிசைன் போடுகிறவர், மரச் சிற்பி, மண்ணில் ஐயனார் குதிரை செய்கிறவர், சுவாமிமலையில் மெழுகில் உருவம் பிடிக்கும் ஸ்தபதி. மார்கழி முழுக்கப் புள்ளி தப்பாமல் கோலம் போடும் பாட்டி எத்தனை தெருக்களில் இருக்கிறார்! ஆனால் கோலப் போட்டிக்கே நாம் யாரை நடுவராக அழைக்கிறோம்? கோலமாவைக் கையில் எடுத்தே பழகாத ஒருவரை. பாட்டியும் கலர்க் கோலத்துக்குப் பின்னால் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறார்.

‘நாங்க சாதாரண பெற்றோர், நாங்க போய் இதைக் கேட்க முடியுமா?’ என்று நீங்கள் நினைக்கலாம். ஏன் முடியாது? டியூஷன் சேர்க்கும் முன் சார் எங்கே படித்தார் என்று கேட்கிறோமே. போட்டி நடத்துகிறவர்களிடம் மரியாதையாகவே கேட்கலாம். நடுவர்கள் யார், என்ன செய்கிறவர்கள்? பெயரை மறைத்து எண் போடுவீர்களா? பார்க்க எவ்வளவு நேரம் ஒதுக்குவீர்கள்? பரிசு பெற்ற படம் ஏன் பெற்றது என்று பிள்ளைகள் முன்னால் இரண்டு வார்த்தை சொல்வீர்களா? நாலு பெற்றோர் கேட்டால் அடுத்த வருடம் நோட்டீஸ் மாறும். அப்பார்ட்மென்ட் அசோசியேஷனில் இருப்பவர்கள், பள்ளியில் பி.டி.ஏ.வில் இருப்பவர்கள் இதைத் தாங்களே செய்யலாம், யாரையும் கேட்கக்கூட வேண்டாம்.

ஒன்று மட்டும் பெற்றோரிடம் உரிமையோடு சொல்கிறேன். பிள்ளையின் படத்தில் நீங்கள் கை வைக்காதீர்கள். அவுட்லைன் மட்டும்தானே என்று பென்சிலை வாங்காதீர்கள். 1026-ம் எண் படத்தை யாராவது ‘கொஞ்சம் நீட்டா பண்ணிடலாமே’ என்று திருத்தியிருந்தால் அந்தச் சுவர் வந்தே இருக்காது.

நம் இதழின் குழந்தைகள் ஓவியப் போட்டியை விரைவில் அறிவிக்க இருக்கிறோம். நடுவர்கள் யார், அவர்கள் கைபட்ட வேலை என்ன என்பதை அறிவிப்பிலேயே படத்தோடு வெளியிடுவோம். வரும் படங்களுக்கு எண் மட்டுமே இருக்கும். பெயரும் ஊரும் தனிக் கவரில். முடிவு வெளியாகும் இதழில், தேர்வான படங்களைப் பற்றி நடுவர்களே எழுதுவார்கள்.

நடுவர்களை நீங்களே சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். உங்கள் தெருவில், உங்கள் ஊரில், கையால் எதையாவது அழகாகச் செய்து கண் பழகியவர் யார்? அவர் சம்மதத்தோடு அவரைப் பற்றிப் பத்து வரி எழுதி, அவர் செய்த ஒரு வேலையின் போட்டோவையும் சேர்த்து எங்களுக்கு அனுப்புங்கள். பெண்களைப் பற்றி அதிகம் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்